ஊதாச் சாரியை யார் கொடுத்தது

மச்சி,

இன்று காலையில் அடுத்த தெருப் பிள்ளை ஒன்று கலியாணச் சட்டை தைக்கச் சாரி கொண்டுவந்தது. பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, நூலால் கட்டிய பார்சல். தையல் மெஷின்மேல் வைத்துவிட்டு அது போய்விட்டது. பார்சலைப் பிரித்து, அந்தப் பிள்ளை சொன்ன நிறம்தானா என்று பார்த்து, திரும்பச் சுற்றி, பெயர் எழுதி ஒட்டிய பிறகுதான் ஆறிப்போன தேத்தண்ணீரைக் குடித்தேன். என் மருமகள் சிரிக்கிறாள். வயது போனால் இப்படித்தான் என்று நினைக்கிறாள். முப்பது வயதிலேயே எனக்கு இது தொடங்கிவிட்டது என்பது உனக்குத்தான் தெரியும். நீயோ மௌத்தாகி, உன்னை அடக்கி நாற்பது நாள் கழிந்துவிட்டது.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய காலம். பெரிய மண்டபத்தில் நாடகப் போட்டி நடக்கிற வாரத்தில், அந்தப் போட்டிக்கு எடுபடாத நாடகக்காரர்கள் மருதமுனையில் தறிக் கொட்டில்களில் தங்கள் பாட்டுக்கு நாடகம் போடுவார்கள். இரண்டு தறிகளைக் கழற்றி ஓரமாக வைத்தால் அதுதான் மேடை. பெண்கள் பக்கத்துக்குக் குறுக்கே பன்புல்லில் பின்னிய பாய் கட்டியிருப்பார்கள். நாங்கள் பன் இடுக்கில் விரலைவிட்டு ஆளுக்கொரு ஓட்டை போட்டுக்கொள்வோம். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, பொழுதுபடும் மஃரிபுக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் பாங்கு எங்கே கேட்கிறதோ அங்கேயே நாடகம் நின்றுவிடும். நாம் பார்த்ததில் பாதி நாடகங்களுக்கு முடிவு என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்போது நீ குமரிப்பெண், ஆசையாக வருவாய். நான் உன் வற்புறுத்தலுக்காக வருவேன். ஒரு கண் ஓட்டையில், ஒரு கண் வாசலில். பிள்ளைகள் இரண்டையும் உம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருப்பேன். புருஷனை இழந்தவள் நாடகம் பார்க்கப் போனாள் என்று யாராவது கதைப்பார்களோ என்று பயம். ஊர் நம்பிக் கொடுக்கிற துணிகளில்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது.

அந்த வருடம் முதல் நாள் தண்ணீர் நாடகம். நிலத்தில் ஒரு கயிற்றைப் போட்டு அதுதான் வாய்க்கால் என்றார்கள். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட வட்டைவிதானை வரவேண்டும். அவரைக் காத்துக்கொண்டு இரண்டு வயல்காரர்கள் நாடகம் முழுக்கச் சண்டை பிடித்தார்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று, எந்த வயலுக்கு முதலில் பாய வேண்டுமென்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நடித்தவர்களைவிட அவர்களுக்குத்தான் கோபம் கூட. இரண்டாம் நாள் ஒரே ஒரு ஆள், பேச்சைப் பதிகிற ஒரு கெசட் பெட்டி. சவூதியில் இருக்கிற புருஷன் பெண்சாதிக்குக் கெசட்டில் பேசி அனுப்புகிறான். நடுவில் பேச்சு வராமல் அவன் சும்மா இருக்க, கெசட் ஓடிக்கொண்டே இருந்தது. பாய்க்குப் பின்னால் மூக்குறிஞ்சும் சத்தம். நீயும்தான் அழுதாய். உனக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்த மாப்பிள்ளையும் சவூதியில்தானே இருந்தான்.

மூன்றாம் நாளுக்குத்தான் நீ சாரி கொடுப்பதாகச் சொல்லியிருந்தாய். அதற்கு முந்தின வருடம் பெண் வேடம் போட்ட நெசவாளர் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு வந்தபோது, மூட்டைக்குக் கால் முளைத்து நடக்கிறது என்று நீ சிரித்த சிரிப்பு மேடைவரைக்கும் கேட்டது. இந்த முறை உன் பழைய சாரி ஒன்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றி என்னிடம் தந்தாய். உன் வீட்டுக்கு அந்த ஆள் வந்தால் வாப்பா ஏசுவார். தையல் வீட்டுக்கு யாரும் வரலாம். அதே கிழமையில், அதேபோல் பத்திரிகைத் தாளில் சுற்றிய இன்னொரு பார்சலும் உன்னிடமிருந்து வந்திருந்தது. உன் மாப்பிள்ளை சவூதியிலிருந்து அனுப்பிய சாரி, அதற்குச் சட்டை தைக்க. ஊதா நிறத்தில் வெள்ளி வட்டங்கள். அதைப்போல் இன்னொன்று ஊரில் கிடையாது.

நெசவாளர் வந்து கேட்டபோது சின்னவன் காய்ச்சலில் சிணுங்கிக்கொண்டிருந்தான். நான் அலுமாரியைத் திறந்து, கைக்கு வந்த பார்சலை எடுத்து நீட்டிவிட்டேன். பிரித்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அன்றைய நாடகம் சீதன வீடு பார்க்க வரும் மாமியார் பற்றியது. பெண்ணுக்குக் கட்டிய வீட்டில் மாமியார் ஜன்னலை எண்ணுகிறாள், கதவைத் தட்டிப் பார்க்கிறாள், இன்னும் ஒரு அறை வேண்டுமென்கிறாள். எங்கள் பக்கத்தில் எந்தக் கலியாணத்திலும் நடக்கிற கதைதான். அந்த மாமியார் ஊதாச் சாரியில் வெள்ளி வட்டங்கள் மினுங்க இடுப்பை ஆட்டி ஆட்டி வந்து நின்றாள். நான் பார்சலை மாற்றிக் கொடுத்திருந்தேன். எங்களுக்கு முன்னால், பாயோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது உன் மாப்பிள்ளையின் உம்மா. அதற்கு முந்தின மாதம்தான் உன் வாப்பாவிடம் இன்னும் ஒரு அறை கேட்டிருந்தார்.

கொட்டில் முழுக்கச் சிரிப்பு. அவருடைய முதுகு மட்டும் அசையவில்லை. நீ என் கையைப் பிடித்தாய். உன் விரல்கள் ஈரமாக இருந்தன. பாங்கு சொல்லிவிடட்டும், யா அல்லாஹ், பாங்கு சொல்லிவிடட்டும் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். ஒவ்வொரு ஜன்னலாக எண்ணி அந்த மாமியார் ஏழாவதுக்கு வந்தபோது பாங்கு கேட்டது. எல்லோரும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினோம். அவர் திரும்பி உன்னிடம் கேட்டார்.

“அந்தச் சாரிய ஆரு குடுத்த? அது தைக்கக் குடுத்த சாரிதானே?”

நீ என்னைப் பார்க்கக்கூட இல்லை. “தைக்கக் குடுக்கல்ல மாமி. என்னட்டத்தான் இருந்த. நான்தான் குடுத்தன்.”

“தெரிஞ்சா குடுத்த?”

நீ தலையைக் குனிந்துகொண்டாய். கொடுத்தது நான்தான் என்று நாளைக்குப் போய் அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளையை நான் ஒன்பது நாள் தள்ளினேன். ஒவ்வொரு காலையும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரைக்கும் போய், துணி இருக்கிறது என்று திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தேன். பத்தாம் நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து, முற்றான பேச்சைக் கலைத்துவிட்டுப் போனது. கேட்ட அறைக்கு உன் வாப்பா அரைச் சுவர் எழுப்பியிருந்தார். அது பல வருடம் அப்படியே நின்றது. கோழிகள் அதில் ஏறி உட்காரும்.

அன்று உன்னிடம் ஓடிவந்து, இப்போதே போய்ச் சொல்கிறேன் என்று அழுதேன். நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். நிமிராமல் சொன்னாய்: “எனக்கு வேற மாப்புள வருவான். உனக்குப் போன பேரு திரும்பி வராது. புள்ளைகளுக்கு என்னத்தக் குடுப்ப? பேசாம போ.”

நான் பேசாமல்தான் போனேன். வெட்கமாக இருக்கிறது, மச்சி: அந்த நேரம் எனக்கு முதலில் வந்தது நிம்மதி.

உனக்கு வேறு மாப்பிள்ளை வந்தார். அட்டாளைச்சேனை வாத்தியார், நல்ல மனுஷர். மூன்று பிள்ளைகள். சந்தோஷமாக இருந்தாய் என்றுதான் நம்புகிறேன். ஆனால் மூன்று வருடம் உன்னைக் கேட்டு யாரும் வராமல் இருந்ததையும் நான் பார்த்தேன். நாடகப் பைத்தியம், மாமியாரை மேடையில் ஏற்றியவள் என்று பெயர். ஒரு பெருநாளைக்கு நீ வந்திருந்தபோது அந்தக் கதையை எடுக்கப் பார்த்தேன். “அத விடு புள்ள,” என்று வெட்டிவிட்டாய். “அந்தத் தண்ணி நாடகத்தில கடைசியா விதானை வந்தாரா? எனக்கு ஞாபகம் வருதில்ல.” எனக்கும் ஞாபகம் இல்லை. அதோடு நீ சட்டை அளவு கொடுத்தாய். கடைசிவரைக்கும் உன் துணி எல்லாம் என்னிடம்தான் வந்தது.

போன கிழமை உன் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு அட்டாளைச்சேனைக்குப் போனேன். குர்ஆன் ஓதி முடிந்து, பெண்கள் எல்லோரும் சோறு வைத்த சஹன் தட்டுகளைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தோம். உன் மூத்த மகள் கறி பரிமாறிக்கொண்டே உன்னைப்பற்றிச் சொன்னாள். முதலில் உனக்கு ஒரு கலியாணம் முற்றாகியிருந்ததாம்; நாடகத்தில் இருந்த ஆசையில் மாப்பிள்ளை வீட்டுச் சாரியையே தூக்கிக் கொடுத்து அதைக் குழப்பிக்கொண்டாயாம். நீயே பிள்ளைகளிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வாயாம். எல்லோரும் அன்பாகத்தான் சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்களும் அண்டைக்குப் பக்கத்தில இருந்தீங்கதானே மாமி? உண்மையா?”

என் பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் ஆகிவிட்டன. பெயர் போனாலும் பிழைப்புப் போனாலும் எனக்கு இனி நட்டமில்லை. பயப்பட ஒன்றுமே இல்லை. உன் மகள் கறிக் கரண்டியோடு காத்துக்கொண்டு நின்றாள்.

“ஓம் மகள்,” என்றேன். “உங்கட உம்மாதான் குடுத்தா.”