முந்நூற்றுப் பதினேழாம் வரி

மார்ச் 3, திங்கள்

மேலாளர் ஒப்பீட்டு அறிக்கை கேட்டிருக்கிறார். இனி விண்டோஸிலேயே இருப்பதா, லினக்ஸுக்குப் போவதா? நிரலில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற வரலாற்றைக் காத்துவைக்க சப்வெர்ஷன் போதுமா, கிட் வேண்டுமா? பதினைந்து நாள் அவகாசம். என் முடிவு இப்போதே தயார். பத்து வருடமாக ஒழுங்காக ஓடுவதை எதற்கு நோண்ட வேண்டும்?

மச்சினன் விடுவானா! மனைவியின் தம்பி. நான்தான் இங்கே சேர்த்துவிட்டேன். "சப்வெர்ஷன்ல சர்வர் படுத்துடுச்சுன்னா எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும் மாமா. கிட்ல அவங்கவங்க மெஷின்லயே முழு வரலாறும் இருக்கும்" என்று எல்லார் எதிரிலும் எனக்குப் பாடம் எடுத்தான். காபிக் கோப்பையை எறிந்தேன். அவன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் சிதறியது. பட்டிருந்தால்? பட்டுத் தொலையட்டும் என்றுதான் அப்போது தோன்றியது.

மார்ச் 6

சோதனைக்காக நிரல் முழுவதையும் வரலாற்றோடு கிட்டுக்குக் கொண்டுபோய், தன் லினக்ஸ் கணினியில் ஓட்டிக் காட்டினான். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளை வைக்கும். லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும். எல்லா வரியையும் லினக்ஸ் வழிக்கு மாற்றிவிட்டானாம். நன்றாகத்தான் ஓடியது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 10

வாடிக்கையாளரின் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஒருவரின் வலது கையை நசுக்கிவிட்டது. அதை இயக்குவது எங்கள் நிரல். பாதுகாப்புக் கதவு திறந்த உடனே மெஷின் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்களாம்.

கதவுப் பகுதியைத் திறந்து பார்த்தேன். 317-ஆம் வரி. கதவு திறந்தபின் மெஷினை நிறுத்த எடுக்கும் நேரம்: இருநூறு மில்லிவினாடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாயிரம். முழுசாக இரண்டு வினாடி! யார் எழுதியது என்று, சோதனைக்காகத் திறந்து வைத்திருந்த கிட்டிடமே கேட்டேன். மச்சினன் பெயர் வந்தது.

கண்மண் தெரியவில்லை. கீபோர்டைப் பிடுங்கி அவன் வாயிலேயே அடித்தேன். பொத்தான்கள் தெறித்தன, கூடவே ஒரு பல்லும். "மாமா, நான் இல்ல... அதுக்கு முன்னாடி பாருங்க" என்று ரத்தத்தோடு குழறினான். இன்னொன்று வைத்தேன். மூன்று பேர் சேர்ந்துதான் என்னை இழுக்க முடிந்தது.

மார்ச் 11

கை போனவரின் அண்ணனும் இன்னும் இருவரும் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். "எவன்டா எழுதினது? பேரச் சொல்லுங்கடா!" வரவேற்பறைப் பெண் அழுதேவிட்டாள். மேலாளர் என்னைப் பார்த்தார். நான்தான் பெயரைச் சொன்னேன். திரையையும் திருப்பிக் காட்டினேன். சாயங்காலத்துக்குள் மச்சினனுக்கு வேலை போய்விட்டது.

மார்ச் 12

வாசலில் நின்ற அந்த மூவரும் மச்சினனை அவன் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து மடக்கியிருக்கிறார்கள். இரும்புக் குழாய். வலது முழங்கை இரண்டு இடத்தில் நொறுங்கிவிட்டது.

மருத்துவமனை நடைவழியில் மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நீங்கதானே காட்டிக் குடுத்தீங்க? சொல்லுங்க!" தப்பு செய்தவன் அனுபவிக்கட்டும் என்றேன். பளார் என்று விட்டாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை. கன்னம் இன்னும் எரிகிறது.

மார்ச் 14

மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அலமாரிக் கதவை உதைத்து உடைத்தேன்.

மார்ச் 17

அறிக்கையில் ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஒரு வரியை எழுதியவர் யார் என்று எந்தக் கருவி சரியாகச் சொல்கிறது? இரண்டிலும் ஒரே வரியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எந்த வரி? கை தானாக 317 என்று தட்டியது.

கிட்டில் மச்சினன் பெயர். சப்வெர்ஷனில் என் பெயர்.

நான்.

நாலு வருடத்துக்கு முந்தைய தேதி. பக்கத்திலேயே என் குறிப்பு: "கதவு சென்சார் மெஷினைச் சும்மா சும்மா நிறுத்துகிறது. தற்காலிகம்." மறந்தே போய்விட்டேன். நாலு வருடமாக அந்த இரண்டு வினாடிக்குள் யார் கையும் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். மச்சினன் வரி முடிவுக் குறியை மட்டும் மாற்றினான். கிட் அதையும் மாற்றம் என்று எடுத்துக்கொண்டு எல்லா வரிக்கும் அவன் பெயரைப் போட்டுவிட்டது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். புதுசா சேர்றவனுக்கே நான்தான் சொல்லிக் குடுப்பேன். ஆனா அடிக்கணும்னு கை அரிச்சா கண்ணு எங்க பாக்கும்? முன்னாடி பாருங்கன்னு சொன்னானே — வாய் நெறைய ரத்தத்தோட சொன்னானே, பாவி நான் கேட்டேனா —

மார்ச் 18

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. காலையிலிருந்து மூன்று முறை அறிக்கையைத் திறந்து மூடிவிட்டேன்.

மார்ச் 19

மேலாளரிடம் இரண்டு திரைகளையும் காட்டிவிட்டேன். அச்செடுத்த தாள் சட்டைப் பையில் இருக்கிறது. அந்த அண்ணன்காரர் வீட்டுக்குக் கிளம்புகிறேன். பயமாக இருக்கிறது.

மார்ச் 27

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. இடது கை. வலது கையில் எத்தனை விரல் மடங்கும் என்று கட்டுப் பிரித்தால்தான் தெரியுமாம். போலீஸ்காரர் கேட்டபோது படியில் விழுந்துவிட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை.

மனைவி வந்தாள். தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மாலையில் மச்சினன் போன் செய்தான். திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்களாம். பல் போன இடத்தில் காற்று இரைகிறது.

"அந்த வரிய இருநூறா மாத்திட்டேன் மாமா. ஒத்தக் கையாலதான். இப்ப நெசமாவே அதுல என் பேருதான் இருக்கு."

"இருக்கட்டும்டா" என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டான்.