மர்ம நபர்

புரட்டாசி, செவ்வாய் இரவு

பூதலூர் பக்கத்துக் கொலைச் செய்தி இன்று காலைப் பேப்பரில் வந்தது. மடைத் தண்ணீர்த் தகராறு. எழுதியது நான். ‘மர்ம நபர் வெட்டினார்’ என்று போட்டிருந்தேன். போலீஸ் பெயர் சொல்லும்வரை அப்படித்தான் போடுவோம்.

மறுபடி துக்க வீட்டுக்குப் போனேன். இறந்தவரின் மனைவி பேப்பரை மடியில் வைத்திருந்தார்.

“பக்கத்துத் தெருக்காரன் எப்படிங்க மர்ம நபரு ஆவான்? நேத்தே பேரச் சொல்லி, போட்டோவும் காட்டினேனே.”

அவர் அழவில்லை. அதுதான் என்னைப் போட்டு வதைக்கிறது.

திரும்பும்போது டீக்கடையில் நின்றேன். அந்தப் போட்டோவில் இருந்தவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டான்.

“நல்லா எழுதியிருக்கீங்க மேடம்” என்றான். பிறகு, “ராத்திரியில வண்டிய ஏன் ரோட்டுலயே விடுறீங்க? காலம் கெட்டுக் கிடக்கு. உள்ள ஏத்தி நிறுத்துங்க.”

என் வீடு தஞ்சாவூரில் இருக்கிறது. அவனை நான் இதற்குமுன் நேரில் பார்த்ததே இல்லை.

நாளைய செய்தியையும் அனுப்பிவிட்டேன். அதிலும் மர்ம நபர்தான்.

வண்டி இப்போது உள்ளே நிற்கிறது.