பிரித்தாவுக்கு ஒரு தூண்டில்கோல்

அன்பு மகள் பிரித்தாவுக்கு, அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். ஆறு வருடங்களாக உன் நலத்தை அம்மா தொலைபேசியை வைத்த பிறகு அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்தேன். இப்போது நானே கேட்கிறேன், நீ நலமா? ஆஸ்பத்திரியில் இன்னும் எக்ஸ்ரே பிரிவில்தான் இருக்கிறாயா, அந்த ஊர்ப் பனியில் காலையில் கார் கிளம்புகிறதா? இங்கே நவம்பர் தொடங்கியதிலிருந்து மழை விடவில்லை. கொட்டகைக் கூரையின் வடக்குப் பக்கம் தகரம் மாற்றினேன். எல்க் மான்கள் வேலியைச் சாய்த்துவிட்டு வந்து அம்மாவின் முட்டைக்கோஸ் முழுவதையும் தின்றுவிட்டன, அவள் ஒரு வாரம் அவற்றைத் திட்டிக்கொண்டிருந்தாள். மிர்னா சித்திக்கு இடுப்பு எலும்பு அறுவை நல்லபடி முடிந்து இப்போது கோல் ஊன்றாமல் நடக்கிறாள். எனக்கு வலது தோள் குளிரில் பிடித்துக்கொள்கிறது, மற்றபடி குறை இல்லை.

போன மாதம் நீ அம்மாவிடம் பேசியபோது, உங்கள் ஊர் ஓடையில் ஸ்டீல்ஹெட் மீன்கள் ஏறி வருவதைப் பாலத்தின் மேலிருந்து பார்த்ததாகவும், சால்மனுக்கும் அதற்கும் சேர்த்து ஒரே தூண்டில்கோல் வாங்க வேண்டும், அதிகம் செலவழிக்க முடியாது, எது நல்லது என்று கேட்டதாகவும் சொன்னாள். கடைசியில் நீ, "அப்பாகிட்ட கேட்டுச் சொல்லும்மா" என்றாயாம். அம்மா அதை இரண்டு தரம் சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு டெல்பர்ட்டின் கடைக்குப் போனேன். உன் தம்பி கோரி நம்மைவிட்டுப் போன பிறகு அந்தக் கடை வாசலை நான் மிதித்ததில்லை. தூண்டில், இரை, புழு எல்லாம் விற்கிற கடைதான், உனக்குத் தெரியுமே, அதே கேஸ் அடுப்பு, அதே கறைபிடித்த காப்பிக் குடம். டெல்பர்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். "என்னப்பா ஆர்டன், வழி தவறி வந்துட்டியா? இல்ல ஒருவழியா செத்துப்போய் ஆவியா வந்திருக்கியா?" என்றான். பிரித்தாவுக்கு ஒரு கோல் வேண்டும் என்றேன். அவன் சிரிப்பு நின்றுபோயிற்று. உடனே சுவரில் உச்சியில் மாட்டியிருந்த விலை உயர்ந்த ஒன்றை இறக்கி, "அவளுக்குன்னா இத எடுத்துக்கோ. இறகு மாதிரி இருக்கும், மீன் மூச்சு விட்டாலும் கையில தெரியும்" என்றான். "அவ கேட்டது சம்பளத்துக்குத் தகுந்த கோல். பாறைல ரெண்டு தடவ இடிச்சாலே உன் இறகு ஒடிஞ்சிரும்" என்றேன். "கஞ்சப்பய, நீ மாறவே இல்ல" என்று சொல்லிவிட்டு அடித்தட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பினான்.

பதினொரு கோல்களைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எழுதுகிறேன், அடுத்த தரம் நீயே வாங்கும்போது உதவும். விலையை முதலில் பார்க்காதே, அடிப்பிடிப் பக்கம் கண்ணை வைத்து நுனிவரை ஓட்டிப் பார், கோல் நேராக இருக்கிறதா, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று. விலை குறைந்ததில் பாதி இங்கேயே கழிந்துவிடும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சைத் திணித்துச் சுற்று, இழை சிக்கினால் உள்ளே கீறல் இருக்கிறது, அது நரம்பை அறுத்துவிடும். இரண்டு துண்டும் சேருகிற இடத்தை இறுக்கிவிட்டு முறுக்கிப் பார், ஆடக் கூடாது. கூரையில் குத்தி வளைக்காதே, கடைக்காரனை நுனியைப் பிடிக்கச் சொல்லி நீ மெல்லத் தூக்கு, மேல் பாகம் சட்டென்று வளைய வேண்டும், அடிப்பாகம் விறைப்பாக நிற்க வேண்டும். சுத்த கிராஃபைட்டைவிடக் கண்ணாடி நார் கலந்தது கொஞ்சம் கனம், ஆனால் அடி தாங்கும், விலையும் குறைவு. உங்கள் பக்கத்து ஓடைகள் நம் ஆற்றைவிடச் சிறியவை, மிதவை போட்டுப் பிடிக்கிறவர்கள் பத்தரை அடிக் கோல் வைத்திருப்பார்கள் என்று டெல்பர்ட் சொன்னான். உனக்கு இலையுதிர்காலத்தில் சால்மனுக்கும் வேண்டுமே என்று நான் ஒன்பதரை அடியில் எடுத்தேன், எட்டு முதல் பன்னிரண்டு ராத்தல் நரம்பு தாங்குவது. ஸ்டீல்ஹெட்டுக்கு அது சரியான கோல். பெரிய சால்மன் மாட்டினால் கோலை நம்பி இழுக்காதே, மீனோடு கரையோரம் நடந்து போ, அது களைக்கும்வரை பொறு. கோலில் மிச்சம் பிடித்ததை நல்ல நரம்புக்கும் கொக்கிக்கும் செலவழி, மீன் தப்பிப்பது பெரும்பாலும் அங்கேதான். டெல்பர்ட் ஒரு சுருள் நரம்பைச் சும்மா கொடுத்தான், "அவளுக்கு நான் கொடுத்தேன்னு சொல்லு, உன் பேர்ல சேத்துக்காத" என்றான்.

சோதிக்காத கோலை உனக்கு அனுப்ப மனம் வரவில்லை. அதனால் மரம் அறுக்கும் ஆலைக்குக் கீழே இருக்கிற கூழாங்கல் திட்டுக்குப் போனேன். தண்ணீர் வடிந்து பச்சையாக இருந்தது. முதல் நாலைந்து வீச்சு கோணலாகப் போயிற்று, பிறகு கை தானாகப் பழைய வழிக்கு வந்தது. அரை மணி நேரத்தில் மிதவை முழுகியது. பெண் ஸ்டீல்ஹெட், என் கை நீளம் இருக்கும், முதுகுத் துடுப்புக்குப் பின்னால் இருக்கும் சின்னத் துடுப்பு வெட்டுப்படாமல் இருந்தது, பண்ணையில் அடையாளத்துக்கு வெட்டுவார்களே, அங்கே வளர்ந்ததில்லை, ஆற்றிலேயே பிறந்தது. கோல் நன்றாக வளைந்து கொடுத்தது, கொஞ்சம்கூட முனகவில்லை. கொக்கியைக் கழற்றிவிட்டு மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தேன், அது வாலை ஆட்டிக் கிளம்பிப் போகும்வரை. அதற்குப் பிறகும் தண்ணீரில் முட்டிபோட்டபடியே இருந்தேன். உனக்குக் கோல் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும், வேறொன்றும் பேச வேண்டியதில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது போதாது என்று அங்கே தெரிந்தது.

பிரித்தா, இதை நான் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நீயும் கோரியும் ஆற்றில் படகில் போனதற்கு இரண்டு நாள் முன்னால் வேலை முடிந்து பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தபோது, ஆற்றின் நடுத் தீவுக்கு இடது பக்கம் பிரியும் கிளையில் ஒரு பெரிய ஃபிர் மரம் குறுக்கே விழுந்து கிடந்ததை நான் பார்த்தேன். வெள்ளம் ஏறினால் அடித்துக்கொண்டு போய்விடும் என்று எண்ணினேன். நீங்கள் கிளம்பிய அன்று காலை கோரி படகுத் துறையிலிருந்து என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான். "அப்பா, தண்ணி ஏறியிருக்கு, தீவுகிட்ட எந்தப் பக்கம் விடச் சொல்லட்டும் அக்காகிட்ட?" என்று கேட்டான். நான் லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். "எப்பவும் போல இடது பக்கந்தான்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மரம் என் நினைவுக்கே வரவில்லை. படகு அந்த மரத்தில் மோதிக் கோரி மூழ்கிவிட்டான் என்று மதியம் துணை ஷெரிஃப் வாசலில் வந்து நின்று சொன்னபோதுதான் வந்தது. அடக்கம் முடிந்து, சமையலறையில் சர்ச் ஆட்கள் அத்தனை பேரும் தட்டோடு நிற்கும்போது, நான் உன்னைப் பார்த்து, "துடுப்பு உன் கையிலதான இருந்துச்சு" என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும், நான் யாரைத் தப்பவைக்கிறேன் என்று. நீ கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வெளியே போனாய். விசாரணையில் நீ எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகலைப் பின்னால் படித்தேன். "இடது பக்கம் போகலாம் என்று நானே முடிவு செய்தேன்" என்று எழுதியிருக்கிறாய். கோரி நான் சொன்னதை உன்னிடம் சொல்லாமலே இடது பக்கம் காட்டினானா, அல்லது சொல்லியும் நீ என்னைக் காப்பாற்றினாயா என்று எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்று கேட்க இந்த ஆறு வருடமும் எனக்குத் துணிவில்லை. இப்போதும் நான் கேட்கவில்லை. எதுவானாலும் பழி என்னுடையது.

ஆற்றிலிருந்து வந்து, ஈர உடுப்போடு, உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அதுவரை அவளுக்கும் தெரியாது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததை உரித்து முடித்தாள், கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தாள். "எம் பொண்ண ஆறு வருஷம் வீட்டுக்கு வரவிடாம பண்ணிட்டு, எதிர்ல உக்காந்து சாப்ட்டுட்டு இருந்திருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு மிர்னா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "எங்கிட்ட சொன்னா ஆச்சா? அவகிட்ட சொல்லணும், அவ வாக்குமூலம் எழுதிக் குடுத்த எடத்துலயும் சொல்லணும். அதுக்கப்புறந்தான் நான் வருவேன்" என்றாள். அதனால் திங்கட்கிழமை ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தது ஒரு இளம்பெண், அன்று வந்தவர் ஓய்வு பெற்றுவிட்டாராம். கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, "இது விபத்துன்னு எப்பவோ மூடிட்டாங்க சார். நீங்க சொல்றதால எதுவும் மாறப்போறதில்ல" என்றாள். மாற வேண்டும் என்று நான் வரவில்லை, என் மகள் எழுதியதற்குப் பக்கத்தில் நான் எழுதியதும் இருக்க வேண்டும் என்றேன். அவள் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தாள். ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்து, நகல் ஒன்று கொடுத்தாள். அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

கோல் தனிக் குழாயில் வருகிறது, தபால்காரர் வாசலில் சாய்த்துவிட்டுப் போனால் நுனி மிதிபடும், வீட்டில் யாராவது இருந்து வாங்கிக்கொள்ளுங்கள். நீ அதை வைத்துக்கொள்ள விரும்பாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடு, எனக்கு வருத்தம் இராது. இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கவும் இல்லை, கேட்டால் அதற்கும் நீதானே பாடுபட வேண்டும். துடுப்பு உன் கையில் இருந்தது, வழி சொன்னது நான், அதைத் தெரிந்துகொண்டு நீ இனி நிம்மதியாகத் தூங்க வேண்டும், அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும். உன் கைக்கு மீனும் உன் மனதுக்கு அமைதியும் கிடைக்கட்டும். மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டை போட்டு ஓடையில் இறங்கினால் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொள், தவறி விழுந்தாலும் உள்ளே அதிகம் தண்ணீர் ஏறாது. தனியாக இறங்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆர்டன் நிஸ்கனென்

பிரித்தா, நேற்று மிர்னா வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு வந்தேன். இதை முழுவதும் படித்துப் பார்த்தேன். எதையும் மாற்றச் சொல்லவில்லை. உன் அறையில் இருந்த தையல் மெஷினை இன்று காலை வெளியே எடுத்துவைக்கச் சொன்னேன், அப்பா எடுத்துவைத்துவிட்டார். கட்டிலுக்கு விரிப்பு போட்டிருக்கிறேன். அம்மா.