விளிம்பில்லாத கோப்பை

ஹோம்புஷ், சிட்னி
12-8-1974

அன்புள்ள அம்மாவுக்கு, பார்த்தசாரதி நமஸ்காரம். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

வரும் வழியில் விமானம் மாற சிங்கப்பூரில் ஒரு பகல் கிடைத்தது. தெருக்கடைகளிலேயே ஊரைப் பார்த்துவிட்டேன். நம்மவர் ஒருவர் சைக்கிளில் வைத்து இடியாப்பம் விற்றார். தொட்டுக்கொள்ள வெல்லத்தூளும் தேங்காய்த்துருவலும்தான். சீனர் ஒருவர் தடித்த தோசையில் வேர்க்கடலைப் பொடி வைத்து மடித்தார். முட்டை உண்டு என்றதும் நகர்ந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு ராவுத்தர் கடையில் டீ. எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். நம் டம்ளருக்கு வெளியே மடிந்த விளிம்பு உண்டு, அந்தப் பீங்கான் கோப்பைக்கு இல்லை. பாதி டீ சட்டைக்குள் போயிற்று.

"வாய வச்சுக் குடிங்க தம்பி, உங்க கோப்பைய யாரும் கேட்டு வரமாட்டாங்க" என்று சிரித்தார். சுடு டீ பட்ட கழுத்து லேசாகச் சிவந்தது, இப்போது ஆறிவிட்டது.

இங்கே சிட்னியில் எங்கள் தெருவில் தின்ன எதுவும் விற்பதில்லை. ஆபீஸ் விட்டு வந்து அறையில் நானே டீ போட்டுக்கொள்கிறேன். இங்கேயும் என் கோப்பையைக் கேட்க ஆளில்லை. ஆனாலும் அண்ணாந்துதான் குடிக்கிறேன், சட்டைதான் நனைகிறது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. விஜயா மாமியின் பிள்ளை இங்கே வருகிறானாமே, அவனிடம் விளிம்பு வைத்த டம்ளர் கொடுத்தனுப்பு. இரண்டாக அனுப்பு அம்மா, யாராவது வந்தால் வேண்டியிருக்கும்.

பார்த்து