அண்ணன் போட்டிருந்த அதே செட்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எங்களுக்கு ஒவ்வொரு நாளும் விடிகிறது. இங்கே அம்மாவின் முதுகு வலி இருக்கிறபடி இருக்கிறது. பேக்கரியில் என்னைக் காலை முறைக்கு மாற்றிவிட்டார்கள், மதியமே வீடு திரும்பிவிடுகிறேன், வந்ததும் சட்டையில் ஒட்டியிருக்கிற மாவை வாசலிலேயே தட்டிவிட்டு வா என்று அம்மா தினமும் சொல்கிறாள், நானும் தினமும் மறந்துவிடுகிறேன். மாடியில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். புதிதாக வந்திருப்பவர் பஸ் டிரைவராம், வீட்டுக்குள்ளும் படியில் இறங்கும்போதும் ஹாரன் அடிக்கிற மாதிரிதான் இருமுகிறார்.

வேலைக்குப் போக பழைய பைக் ஒன்று வாங்கியிருக்கிறாய் என்றதும் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸுக்கு நின்று நின்று உன் கால் வீங்குவது எனக்கும் தெரியும். ஜாக்கெட், கையுறை, முட்டிக் கவசம் மூன்றும் ஒரே பாக்கெட்டில் இருக்கிற படத்தை அனுப்பி, "இந்த விலைக்கு இது போதுமாப்பா? அண்ணன் போட்டிருந்த அதே செட்டுதான். அவன் விழுந்தப்ப அதுதானே காப்பாத்துச்சு" என்று கேட்டிருந்தாய். அதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. நம் வீடு எவ்வளவு பெரிது என்று உனக்கே தெரியும், கூடத்தில் பேசினால் உள்ளே படுத்திருக்கிற அண்ணன் காதில் விழும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ அந்த ஊருக்குப் போன பிறகுதானே அண்ணனை மூக்குக்கண்ணாடிக் கடையின் புதுக் கிளைக்கு மாற்றினார்கள். ஊரின் அந்தக் கோடிக்குப் பெரிய ரோட்டில் போய் வர வேண்டும் என்பதால் அவன் தானாகவே போய் அந்த செட்டை வாங்கி வந்தான். முதல் நாள் மாட்டிக்கொண்டு நின்றபோது அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கிப் போனது. "எந்த நாட்டுக்குடா சண்டைக்குப் போற?" என்று கேட்டாள். அவனும் சிரித்தான், ஆனால் வெயிலானாலும் கழற்றாமல் போட்டுக்கொண்டுதான் போனான். விழுந்த அன்றைக்கு லேசான தூறல். சிமெண்ட் கிடங்கு வளைவில் மணல் கொட்டிக் கிடந்திருக்கிறது, முன்னால் போன லாரி பிரேக் போட, இவனும் போட, வண்டி அப்படியே சறுக்கிவிட்டது. வேகம் ஒன்றும் இல்லை. இவன் கையை ஊன்றி விழுந்திருக்கிறான். யார் விழுந்தாலும் அப்படித்தானே விழுவார்கள்?

நீ சொன்னது பாதி சரி. அந்த ஜாக்கெட் அவனைக் காப்பாற்றியது, அதை நான் மறைக்க மாட்டேன். தோளிலும் முழங்கையிலும் வைத்துத் தைத்திருந்த மெத்தை நகரவில்லை. துணி தேய்ந்து நூல் நூலாக வந்திருந்தது, உள்ளே தோலில் சிவப்புக் கோடுதான். நல்ல ஹெல்மெட் என்பதால் தலைக்கும் ஒன்றும் இல்லை. முட்டிக் கவசம் விழுகிற நேரத்தில் கெண்டைக்காலுக்குச் சுற்றிக்கொண்டு போய்விட்டது, முட்டியில் அடி பட்டது, அதுவும் ஆறிவிட்டது. கையுறைதான் அம்மாடி. உள்ளங்கைப் பக்கம் வெறும் மெல்லிய துணி. ரோட்டில் பட்டதும் தையல் விட்டு, விரல் பக்கமெல்லாம் திறந்துகொண்டுவிட்டது. வலது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் எப்படி இருந்தன என்று உனக்கு எழுத மாட்டேன். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், "காயம் ஆறிடும். விரலை மடக்குவார். ஆனா தொட்டா தெரியுமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார். அப்போது எனக்கு அதன் அர்த்தம் சரியாகப் புரியவில்லை. விரல் இருக்கிறதே, மடங்குகிறதே, பிறகென்ன என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

நீ கேட்டபோதெல்லாம் ஆறிக்கொண்டு வருகிறது என்றுதான் சொன்னோம். தோல் ஆறியது உண்மைதான். தெரபி கொடுக்கிற அம்மா சொன்னபடி, நம் அம்மா ஒரு துணிப் பைக்குள் சாவி, பட்டன், காசு எல்லாம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுச் சொல்லச் சொல்வாள். அவன் துழாவித் துழாவிப் பார்த்துவிட்டு, "பட்டன்" என்பான். வெளியே வந்தால் சாவி. அம்மா, "கிட்டத்தட்ட சரிதாண்டா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். அங்கே கழுவ ஒரு பாத்திரமும் இருக்காது. எனக்கும் அடுப்புக்காரன் கைதான், சூடான தட்டைத் துணியில்லாமல் எடுப்பேன், நீ சின்ன வயதில் அதைப் பார்த்துக் கத்துவாய். ஆனால் என் கை வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்தது, நான் அதற்குப் பழகினேன். அவனுக்கு ஒரு வளைவில் போய்விட்டது.

கடை முதலாளி நல்ல மனிதர், வேலையை விட்டு எடுக்கவில்லை. முடிகிறதா பாரென்று, கண்ணாடி பழுது பார்க்கிற அவனுடைய பழைய மேஜையிலேயே உட்கார வைத்தார். கண்ணாடிக் காலில் இருக்கிற திருகாணி எவ்வளவு இருக்கும் என்று உனக்குத் தெரியுமே, எறும்புத் தலை அளவு. முன்பெல்லாம் எதிரில் இருப்பவரோடு கதை பேசிக்கொண்டே மாட்டிவிடுவான். வழக்கமாக வருகிற தையல்காரம்மா ஒருத்தர் கண்ணாடி தளர்ந்துவிட்டது என்று கொண்டு வந்திருக்கிறார். திருகாணி இவன் கையை விட்டு விழுந்ததே இவனுக்குத் தெரியவில்லை, இன்னும் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு திருகிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தம்மாதான், "தம்பி, அது கீழ விழுந்துடுச்சுப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தானே குனிந்து தேடியிருக்கிறார். இவன் எழுந்து, இனி வேறு யாரையாவது இந்த மேஜையில் உட்கார வையுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டான். இப்போது பிரேம் விற்கிற பக்கம் நிற்கிறான். வீட்டுக்கு வந்து, "இப்ப நமக்கு ஊரார் மூக்கைப் பாக்குற உத்தியோகம்" என்று சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

உன் கேள்வியை அவனிடம் படித்துக் காட்டலாமா வேண்டாமா என்று எனக்கு ஒரே தவிப்பாக இருந்தது. அம்மாதான், "அவன்கிட்டயே கேளுங்க, அவனை விட யாருக்குத் தெரியும்" என்றாள். படித்தேன். கேட்டவன் என் போனை வாங்கி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு, "ஜாக்கெட் இதே வாங்கட்டும்ப்பா, தப்பில்ல. உள்ள மெத்தை இருக்கான்னு தொட்டுப் பாத்து, உடம்போட ஒட்டி நிக்கிற அளவா வாங்கட்டும். முட்டிக்குத் தனியா, ரெண்டு பட்டை இழுத்துக் கட்டுற மாதிரி பாக்கச் சொல்லுங்க. கிளவுஸ் மட்டும் அவ வாங்க வேணாம்" என்றான். அதே மூச்சில், "அதை நான் வாங்கி அனுப்புறேன்" என்றான்.

மறுநாளே பைக் சாமான் கடைக்குக் கிளம்பினான், என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அம்மா எதற்கு என்றேன். "அவ கையும் அம்மா கையும் ஒரே அளவுதானே" என்றான். எனக்கு அது இத்தனை நாள் தெரியவே தெரியாது. கடையில் இருந்தவர் கண்ணாடிப் பெட்டி மேல் வரிசையாக எடுத்துப் போட்டார். இவன் ஒவ்வொன்றையும் உள்ளங்கைப் பக்கம் திருப்பி, தையலை இழுத்து, மணிக்கட்டில் கட்டுகிற பட்டையைப் பிடித்து உருவிப் பார்த்தான். கடைக்காரர் பொறுக்கமாட்டாமல், "சார், இழுத்துக் கிழிச்சிடாதீங்க" என்றார். "கிழியறதுன்னா இங்கயே கிழியட்டும்ங்க" என்றான் உன் அண்ணன். அவர் உள்ளேயிருந்து இன்னும் இரண்டு ஜோடி எடுத்து வந்து போட்டார். கடைசியில் உள்ளங்கையில் கெட்டித் தோலும் விரல் மூட்டில் மெத்தையும் வைத்த ஒரு ஜோடியை எடுத்து அம்மா கையில் மாட்டிவிட்டான். அம்மா அந்தக் கறுப்புக் கையை வைத்துக்கொண்டு கூச்சத்தோடு நின்றாள். இவன் ஒவ்வொரு விரல் நுனியையும் பிடித்து அழுத்தி, "இங்க இடம் இருக்காம்மா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். வலது கையால்தான் அழுத்தினான். மூன்றாவது விரலுக்கு வந்தபோது நின்றான். தன் கையைப் பார்த்தான். இடது கைக்கு மாற்றி, முதல் விரலிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தான். நான் வெளியே வந்து ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பார்சலை அவனே கட்டி அனுப்பியிருக்கிறான், முடிச்சுப் போடப் பாதி நாள் ஆனது, யாரையும் தொட விடவில்லை. இந்தக் கடிதம் தனியாக வரும், இதைப் படித்ததாக அவனிடம் காட்டிக்கொள்ளாதே. கை எப்படி இருக்கிறது என்றும் போனில் கேட்காதே, எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு போ. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். மழை பெய்தால் ஓரமாக நில், வேலைக்குத் தாமதமாகப் போனால் திட்டு மட்டும்தான் கிடைக்கும். நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் குறையில்லாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

ஒன்று மட்டும் மறக்காதே. கையுறை வந்ததும் போட்டுப் பார். இறுக்கமாக இருந்தாலோ தளர்ந்திருந்தாலோ, அவன் மனசு நோகுமே என்று நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிடாதே, உள்ளதை அப்படியே சொல். மாற்றுவதற்காவது அவன் கடைக்குப் போவான். லீவு நாளில் இப்போதெல்லாம் அவன் வாசலைத் தாண்டுவதில்லை.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா