மண்டபத்துச் சாவி டவுனில் இருக்கிறது

அக்கா,

இன்று காலை குழாயைத் திறந்ததும் மண் வாடை அடித்தது. மழை விட்ட பிறகும் தண்ணீர் வெறுந்தேநீர் நிறத்தில் வந்தது. நம் லயத்து வீடுகளுக்கு மேலே மலைக்குள் மண் நகர்கிறது என்று தோன்றியது.

டவுன் சபைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நாளைக்குப் பவுசரில் தண்ணீர் அனுப்புவதாகச் சிங்களத்தில் மரியாதையாகவே சொன்னார். எனக்கு வேண்டியது மண்டபத்துச் சாவி என்றேன். அதற்குச் செயலாளர் வரவேண்டுமாம்.

நீங்கள் சபை உறுப்பினரான புதிதில் நாம் இருவரும் நகர எல்லைப் பலகை வரை நடந்தோமே. தெருவிளக்கு, குப்பை டிராக்டர், சாக்கடைக் கான் துப்புரவு எல்லாம் அந்தப் பலகையோடு நின்றுவிடும். இந்தப் பக்கம் நம் லயம். சபையில் கேட்டால் தோட்டத்தைக் கேள் என்பார்கள், தோட்டத்துத் துரையிடம் போனால் சபையைக் காட்டுவார். "ரெண்டு பேருமே நம்மள மத்தவன் புள்ளைங்கிறாங்க" என்று சிரித்தீர்கள்.

சண்டை பிடித்துத்தான் இந்தக் குழாயையும், மண் சரிந்தால் ஒதுங்குவதற்கு மேட்டில் அந்த மண்டபத்தையும் வாங்கித் தந்தீர்கள். மண்டபம் இங்கே, சாவி டவுனில். அதை மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தீர்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிறகு வந்த அடைமழையில், நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக் குழந்தைகளோடு மண்டபத்தின் பூட்டிய கதவின் முன்னால் நின்றேன். பூட்டை உடைத்துவிடலாம் என்று உங்களிடம் சொன்னேன்.

"ஒடைச்சா இனிமே நமக்கு ஒன்னும் தரமாட்டாங்க புள்ள. நா போயி வாங்கிட்டு வந்துர்றேன்."

குடையை விரித்துக்கொண்டு இறங்கினீர்கள். கோயில் வளைவில் ரோட்டோடு சேர்த்து உங்களையும் மண் கொண்டுபோய்விட்டது. பிறகு அந்த மண்டபத்துச் சுவரில் சபை உங்கள் பெயரை எழுதியது. கதவுக்குப் புதுப் பூட்டும் போட்டது.

இதை அந்த மண்டபத்துக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பிள்ளைகள் பாயில் தூங்குகிறார்கள். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து தாய்மாரையும் கூப்பிட்டுவிட்டேன். யார் பூட்டை உடைத்தது என்று சபையிலிருந்து போன் வந்தது. நான்தான் என்று பெயரைச் சொன்னேன். நீங்கள் போன நாளிலிருந்து மடுவத்துக் கதவுக்குப் பின்னால் பூட்டைப் பெயர்க்க ஓர் இரும்பு அலவாங்கு வைத்திருந்தேன், அதை இன்று தோளில் தூக்கிவந்தேன்.

கீழே லயத்துப் பீலியில் ஊற்றுத் தண்ணீர் விழும் சத்தம் சற்றுமுன் நின்றுவிட்டது. மலைக்குள் மண் நீரின் வழியை அடைத்திருக்க வேண்டும். எல்லோரும் உள்ளேதான் இருக்கிறார்கள், அக்கா. சாவிக்கு யாரையும் அனுப்பவில்லை.