என் வரிக்கு அடுத்த வரி

ஜூன் 9, திங்கள்

நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு வந்துவிட்டேன்! பால்வண்ணநாதன், வயது எழுபத்தொன்று, வடகரை. இந்த ஒரு வரிக்கே கால் மணி நேரம் ஆனது. ஆகட்டுமே.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் எங்கள் முதியோர் வகுப்பு. ஜெனி டீச்சர் இன்று ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு டேப் கொடுத்தார், சிலேட்டு அளவுக்குச் செல்போன் மாதிரி. ஆறிலும் ஒரே பக்கம்தான். ஒருவர் எழுதினால் மற்ற ஐந்திலும் அப்போதே தெரிகிறது. ஆளுக்கு ஒரு நிறத்தில் சின்னக் கோடு, அதன் மேல் பெயர். நான் ஊதா. பேராச்சி மஞ்சள். "அண்ணாச்சி, உங்க கோடு என் வரியில ஏறி நிக்கு. இறங்கச் சொல்லுங்க" என்று அவள் கத்த, வகுப்பே சிரித்தது.

பச்சை, சுப்பு.

ஜூன் 12

நான் முதல் பெஞ்சு. சுப்பு கடைசி பெஞ்சு. முப்பத்திரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. நான் மடையை உடைத்துத் தண்ணீர் திருடினேன் என்று ஒரு காகிதம். அதில் சாட்சியாகக் கைநாட்டு வைத்தவன் அவன். என் முறைத் தண்ணீர் போனது. அந்தப் பூ, அந்தப் போகம் முழுக்க, நெல் கருகியது. அவனுக்கும் அப்போது எழுத்து தெரியாது. தெரிந்து வைத்தானா, தெரியாமல் வைத்தானா? நான் கேட்கவே இல்லை.

இன்று என் வரியை முடித்ததும் பச்சைக் கோடு அடுத்த வரியில் வந்து நின்றது. ஒன்றும் எழுதவில்லை. மினுங்கிக்கொண்டே இருந்தது. நான் பக்கத்தின் அடிக்குப் போனேன். அங்கேயும் வந்தது. இனி அது வந்தால் இப்படித்தான் என்று டேப்பைக் கவிழ்த்து வைத்தேன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 16

நல்ல சாரல். 'குற்றாலம்' என்று தப்பில்லாமல் எழுதினேன். பச்சைக் கோடு பக்கத்திலேயே நின்றது.

ஜூன் 19

சுப்பு இறந்துவிட்டான். விடிகாலையில், வயலில், நெஞ்சு வலி. தெருமுனை வரை போனேன். வீட்டுக்குள் போகவில்லை.

ஜூன் 23

சுப்புவின் டேப்பை டீச்சர் அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஐந்து பேர்தான் இருந்தோம். 'இன்று வெயில் இல்லை' என்று எழுதி முடித்தேன்.

அடுத்த வரியில் பச்சைக் கோடு வந்தது. மேலே சுப்பு என்று பெயர்.

முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சு காலி.

பேராச்சியும் பார்த்துவிட்டாள். "யாத்தே! டீச்சர், இது யாரு வந்து நிக்கது?" டீச்சர் பீரோவைத் திறந்தார். டேப் இருட்டாகக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. "நெட்டு சில நேரம் பழசையே காட்டும் தாத்தா" என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 26

பேராச்சி வகுப்புக்கு வரவில்லை. எனக்கும் பயம் வரவேண்டும். ஏன் வரவில்லை? சந்தோஷமாக அல்லவா இருக்கிறது. வரியைச் சீக்கிரம் முடிக்கிறேன். முடித்தால்தானே அவன் வருவான்.

இன்று மூன்று முறை வந்தான்.

ஜூலை 1

"எழுதி அழிச்சதும் உள்ள இருக்கும் தாத்தா, பாக்கீங்களா?" என்று டீச்சர் பழைய பதிவுகளைத் திறந்தார். அழித்த எழுத்தெல்லாம் குறுக்கே ஒரு கோடு விழுந்து அப்படியே இருந்தது. எல்லாம் பச்சை. எல்லாம் என் வரிக்கு அடுத்த வரி.

ஜூன் 12: பால்வண. அழித்திருந்தான். பால்வண்ணம். அதையும்.

ஜூன் 16: பால்வண்ணம் அந்த காகிதம். அதையும்.

ஜூன் 18, அவனுடைய கடைசி வகுப்பு. அன்று நீளமாக எழுதியிருந்தான். டீச்சர் வாசிக்க வாய் எடுத்தார். "வேண்டாம் டீச்சர். நானே வாசிக்கேன்."

எழுத்துக் கூட்டி வாசித்தேன்:

பால்வண்ணம் அந்த காகிதத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்கு தெரியாதுலே. தண்ணி முறைன்னு வாசிச்சு காட்டுனாவ. கை வச்சேன்.

அதையும் அழித்திருந்தான்.

எதுக்குலே அழிச்ச? நான் இங்கனதானலே இருந்தேன். நாலு பெஞ்சு முன்னால—

ஜூலை 2

பொதுப் பக்கத்தில் எழுதினேன்: 'சுப்பு, வாசித்துவிட்டேன். யாரும் வாசித்துக் காட்டவில்லை. நானே வாசித்தேன்.'

பச்சைக் கோடு வந்தது. வெகுநேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

ஜூலை 10

அன்றைக்குப் பிறகு வரவில்லை. தினமும் பார்க்கிறேன்.

பேராச்சி இன்று வந்தாள், நெற்றி நிறையத் திருநீறு. நான் எழுதி முடித்ததும் அவள் முறை. என் வரிக்கு அடுத்த வரியைக் காலியாக விட்டு, அதற்குக் கீழே ஆரம்பித்தாள். "ஏன் பேராச்சி, ஒரு வரிய விட்டுட்ட?" என்றேன்.

"அது அவுக இடம்லா அண்ணாச்சி" என்றாள், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.